ஆறு பத்துக்கு எடுக்காத அளவு

மேடையில் அமர்ந்திருக்கும் முதல்வர் அவர்களே, ஆட்சிக்குழுப் பெரியவர்களே, எனக்கு முன்னால் பேசி அமர்ந்த அறிஞர்களே, மேலப்பாளையத்திலிருந்து வந்து முன்வரிசையில் இருக்கும் என் நண்பரின் சொந்தங்களே, கல்லூரி திறந்த முதல் வாரத்திலேயே இப்படி ஒரு கூட்டத்தில் உட்கார நேர்ந்த மாணவ மாணவியரே! உங்கள் அனைவருக்கும் இயற்பியல் துறைத் தலைவர் குருபிரசாத்தின் வணக்கம்.

பேராசிரியர் முனைவர் அகமது மீரான் காலமாகிப் பதினாறு நாள் ஆகிறது. ஜூன் ஒன்பதாம் தேதி அதிகாலைச் சுபுஹுத் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். டாக்டர் வருவதற்குள் போய்விட்டார். ஐம்பத்து மூன்று வயது. இது போகிற வயதா? இருபத்திரண்டு ஆண்டுகள் இந்தக் கல்லூரிக்கு உழைத்தவருக்கு ஒரு வழியனுப்பு விழாகூட நடத்தக் கொடுத்து வைக்கவில்லை நமக்கு. இரங்கல் கூட்டம்தான் நடத்துகிறோம்.

எனக்குப் பின்னால் தொங்குகிற துணியைப் பாருங்கள். ‘ஒற்றை உயிரணுவின் சூட்டைத் தொடாமல் அளந்த மேதை’ என்று எழுதியிருக்கிறோம். எனக்கு முன்னால் பேசிய நான்கு பேரும் 1992ஆம் ஆண்டு வெளிநாட்டு ஆய்விதழில் வந்த கட்டுரையைச் சொன்னார்கள். நம் கல்லூரிப் பெயர் அச்சேறிய கட்டுரை! அகமது மீரான், குருபிரசாத் என்று இரண்டு பெயர்கள் தாங்கிய கட்டுரை! கைதட்டவும் செய்தீர்கள். இரங்கல் கூட்டத்தில் கைதட்டக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை.

அந்தக் கட்டுரையைப் பற்றித்தான் நானும் பேச வந்திருக்கிறேன். ஆனால் அவர்கள் பேசியது போல இருக்காது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

வரலாறும் வணிகவியலும் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறீர்கள். முதலில் அவர் என்ன செய்தார் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு டம்ளர் காப்பியில் வெப்பமானியை வைத்தால் அது காப்பியிலிருந்து துளிச் சூட்டை உறிஞ்சிக்கொண்டுதான் கணக்குச் சொல்லும். காப்பிக்கு அது ஒரு பொருட்டில்லை. ஆனால் கண்ணுக்கே தெரியாத ஓர் உயிரணுவுக்குள் ஊசியை விட்டால் என்ன ஆகும்? இருந்த சூடும் ஊசியோடு போய்விடும். அளக்கப் போனவனே அளவைக் கெடுத்தவன் ஆவான். அப்படியானால் தொடாமல் அளப்பது எப்படி?

அதற்கு ஒரு வழி உண்டு. யூரோப்பியம் என்ற அரிய உலோகம் சேர்ந்த ஒரு சாயம் இருக்கிறது. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி பட்டால் அது சிவப்பாக ஒளிரும். சூடு கூடினால் அந்த ஒளிர்வு மங்கும். உயிரணுக்களில் அந்தச் சாயத்தை ஏற்றி, நுண்ணோக்கியின் அடியில் வைத்து, எவ்வளவு மங்குகிறது என்று பார்த்தால் போதும். எவ்வளவு மங்கியதோ அதிலிருந்து சூட்டைக் கணக்கிடலாம். தள்ளி நின்று பார்த்தே சொல்லிவிடலாம்.

சரி, எந்த உயிரணுவை அளப்பது? ஆழ்வார்குறிச்சியில் எங்கள் வயலில் சேனைக்கிழங்கு போடுவோம். அதன் பூவை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இலை வருவதற்கு முன்னால் தரையிலிருந்து ஊதா நிறத்தில் ஒரு பெரிய மொட்டு வரும். அது விரிகிற மாலையில் தொட்டுப் பார்த்தால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுடும். இதை ஒருநாள் பேச்சுவாக்கில் மீரானிடம் சொன்னேன். எழுந்து நின்றுவிட்டார்.

“என்ன வே சொல்லுதீரு? பூவு சுடுமா?”

“சத்தியமா சுடும் வே. பைய வந்து தொட்டுப் பாரும்.”

“தொடமாட்டேன்” என்றார். “தொடாமலே பாப்போம். எல்லா உயிரணுவும் சேந்து சுடுதா, நாலஞ்சு மட்டும் எரிஞ்சு மத்ததெல்லாம் குளிர்காயுதான்னு பாப்போம்.”

அந்த ஒரு கேள்விதான் அவருடைய பதினேழாண்டு, இல்லை, மன்னியுங்கள், எட்டாண்டு வாழ்க்கை. எனக்குப் பதினேழு போலத் தோன்றுகிறது.

கிழங்கைத் தொட்டியில் வைத்து இருட்டறைக்குப் பின்னால் வளர்த்தோம். முதல் பூ 1990 ஜூனில் விரிந்தது. அது விரிந்தால் செத்த எலி நாற்றம் அடிக்கும் என்பதைச் சொல்ல நான் மறந்துவிட்டேன். அப்போதிருந்த முதல்வர் நூலகத்தில்தான் எலி செத்துக் கிடக்கிறது என்று முடிவுகட்டி, நம் ஆய்வக உதவியாளர் கிருபைராஜை மச்சுக்கு மேலே ஏற்றிவிட்டார். கிருபைராஜுக்கு உண்மை தெரியும். ஆனாலும் ஒரு மணி நேரம் தேடிவிட்டு இறங்கி வந்து, “ரெண்டு எலி சார், தூக்கிப் போட்டுட்டேன்” என்றார்! அதோ, கடைசியில் நின்று சிரிக்கிறார். சிரியும் கிருபைராஜ். மீரானும் அன்று சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பூ விரிந்த மாலைகளில் நானும் ஊருக்குப் போகாமல் இருட்டறையில் இருப்பேன். பூவிலிருந்து மெல்லிய சீவல் எடுத்துச் சாயமேற்றி வைப்போம். மீரான் கருவியைப் பார்த்து எண்ணைச் சொல்வார். நான் கையடக்க விளக்கில் நோட்டில் எழுதுவேன். ஒவ்வோர் எண்ணுக்கும் பிறகு “ஆச்சா?” என்பார். “ஆச்சு” என்பேன். அடுத்த எண் வரும். ஆறு மணி ஆனதும் ஒளிர்வு மங்கத் தொடங்கியது. ஆறு பத்துக்கு நன்றாக மங்கிவிட்டது. ஆறு டிகிரி உயர்ந்திருக்கிறது என்று கணக்கு வந்தது. ஒரு செடியின் உயிரணு சூடேறுவதை எண்ணாகப் பார்த்தோம்! அந்த மகிழ்ச்சியை நான் மறக்கவில்லை.

ஆனால் எந்த அளவுக்கும் ஓர் ஒப்பளவு வேண்டும். உயிரில்லாத வெறும் சாயம் பூசிய கண்ணாடியை, அதே விளக்கில், அதே நேரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அது மங்காமல் இருந்தால்தான் பூ மங்கியது சூட்டால் என்று சொல்லலாம். மறுநாள் மீரானுக்குச் சாத்தான்குளத்தில் மைத்துனர் வீட்டு நிக்காஹ். “வே குரு, ஒப்பளவை மட்டும் நீரு எடுத்திரும். சாயங்காலம் ஆறு பத்துக்கு. மறந்திராதேயும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் மறக்கவில்லை. ஆறு பத்துக்கு எடுக்கவும் இல்லை.

காலை பதினொன்று பத்துக்கு எனக்கு வகுப்பு இல்லை. அப்போதே எடுத்துவிட்டேன். நோட்டில் நேரம் என்ற கட்டத்தில் மாலை 6.10 என்று எழுதினேன். அன்று எங்கள் வீட்டில் விசேஷம் எதுவும் இல்லை. யாருக்கும் உடம்பு சரியில்லாமல் இல்லை. ஐந்தரைக்குக் கிளம்பினால் செங்கோட்டை பாசஞ்சரில் ஜன்னலோரம் இடம் கிடைக்கும். அதற்காக எழுதினேன். வெறும் கண்ணாடிதானே, காலையில் பார்த்தால் என்ன, மாலையில் பார்த்தால் என்ன என்று நினைத்தேன். மறு வருடப் பூவுக்கும் அப்படியே செய்தேன்.

முன்வரிசையில் அசைகிறீர்கள். அசையுங்கள். இதை நான் எட்டாண்டுகளாக மூடி வைத்திருந்தேன். இன்றுதான் சபையில் சொல்கிறேன்.

மாலை ஆறு மணிக்கு நம் பாளையங்கோட்டையில் என்ன நடக்கும்? தெரு விளக்கு எரியும். வீட்டு விளக்கெல்லாம் எரியும். மின்னழுத்தம் இறங்கும். மின்விசிறி சோர்ந்து சுற்றும். நம் நுண்ணோக்கியின் விளக்கும் மங்கும்! விளக்கு மங்கினால் சாயமும் மங்கும். உயிருள்ளதும் மங்கும், உயிரில்லாததும் மங்கும். பூ சூடேறுகிற நேரமும் ஊர் விளக்கேற்றுகிற நேரமும் ஒன்றாகப் போனது. நாங்கள் அளந்தது பூவின் சூடா, மின்வாரியத்தின் தள்ளாட்டமா? அதைச் சொல்லக்கூடிய ஒரே அளவு என்னிடம் விடப்பட்டிருந்தது.

கட்டுரை வந்தது. அதை வைத்து நான் துறைத் தலைவர் ஆனேன். மூப்பில் அவர்தான் எனக்கு முன்னால். “எனக்கு இருட்டறை போதும் வே, நீரு இரும்” என்று விட்டுக் கொடுத்தார்.

1994 ஜூனில் அவர் பழைய அளவுகளைச் சரிபார்க்க, ஒரு மாலையில் பூவே இல்லாத வெறும் கண்ணாடியை வைத்துப் பார்த்திருக்கிறார். ஆறு பத்துக்கு அந்த வெறும் கண்ணாடி ஆறு டிகிரி ‘சூடேறியது’. மறுநாள் காலை என் அறைக்கு வந்தார். நோட்டை விரித்து என் மேசையில் வைத்தார். என் கையெழுத்தின்மேல் விரலை வைத்தார்.

“குரு, இது சாயங்காலம் எடுத்ததுதானே?”

நான் அவர் முகத்தைப் பார்த்து, “ஆமா” என்றேன்.

அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை. கோபப்படவும் இல்லை. நோட்டை மூடி எடுத்துக்கொண்டு போனார். போகும்போது கதவை ஓசையில்லாமல் சாத்தினார்.

அந்த வாரமே ஆய்விதழுக்குக் கடிதம் எழுதினார். நகல் என்னிடம் இருக்கிறது. நான்கே வரிகள். எங்கள் முடிவு தவறு, அதைத் திரும்பப் பெறுகிறேன், விளக்கைக் கவனிக்காத பிழை முழுவதும் என்னுடையது, என் இணையாசிரியருக்கு இதில் பங்கில்லை என்று எழுதியிருந்தார். என்னிடமும் கையெழுத்துக் கேட்டார். “இப்ப எதுக்கு வே? யாரு பாக்கப் போறா?” என்று சொல்லி நான் போடவில்லை. அவர் தனியாகவே அனுப்பினார். அது அச்சிலும் வந்தது. யாரும் பார்க்கவில்லை என்பது உண்மைதான். பார்த்திருந்தால் இந்தத் துணியில் இப்படி எழுதியிருப்போமா?

அதன் பிறகு நான்கு ஆண்டுகள். அவர் அறைக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரு சுவர். அவர் இருமினால் எனக்குக் கேட்கும். நான் போனில் பேசினால் அவருக்குக் கேட்கும். காலையில் வணக்கம் சொல்வோம். விடுப்புக் கடிதம் கொடுத்தால் கையெழுத்துப் போடுவேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. மதியம் ஒரு மணிக்கு ஆசிரியர் அறையில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவோமே, அவர் அங்கே வருவதை நிறுத்தினார். இருட்டறை வாசலில் ஸ்டூலைப் போட்டுத் தனியாகத் தூக்குச்சட்டியைத் திறப்பார். நான் கழுவப் போகும்போது அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். தினமும் தாண்டிப் போனேன். நான்கு ஆண்டுகளில் ஒருநாள் நின்றிருக்கக் கூடாதா? நின்று, “மீரான், நான் காலையிலதான் எடுத்தேன்” என்று நான்கு சொல் சொல்லியிருக்கக் கூடாதா? பேசிப் பிழைக்கிற எனக்கு நான்கு சொல் வரவில்லை!

அவர் ஆய்வை விட்டாரா? இல்லை! விளக்கு மங்கினாலும் கெடாத ஓர் அளவைத் தேடினார். ஒளியைச் சட்டென்று மறைத்துவிட்டால் சாயத்தின் ஒளிர்வு உடனே அணையாது. ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் நின்று அணையும். சூடு கூடினால் சீக்கிரம் அணையும். விளக்கு பிரகாசமா மங்கலா என்பது இங்கே பொருட்டே இல்லை. எவ்வளவு வேகமாக அணைகிறது என்பது மட்டும்தான் கணக்கு. அதற்காகப் பேட்டையில் ஒரு பட்டறையில் அலுமினியத் தட்டு வெட்டி, விளிம்பில் பல் வைத்து, மோட்டாரில் சுழலவிட்டு ஒளியைத் துண்டு துண்டாக நறுக்கினார். அந்த அணைவைத் திரையில் கோடாகக் காட்டும் ஒரு பழைய அலைநோக்கியைச் சொந்தச் சம்பளத்தில் வாங்கினார். 1995இல் தட்டு ஆடியது, அளவு நிலைக்கவில்லை. பூ ஆண்டுக்கு ஒருமுறைதானே! ஓர் ஆண்டு காத்திருந்தார். 1996இல் கிழங்கு அழுகிவிட்டது, பூவே வரவில்லை. இன்னோர் ஆண்டு காத்திருந்தார். 1997இல் ஒரே ஒரு மாலை எல்லாம் கூடி வந்தது. பூ சுட்டது. வெறும் கண்ணாடி சுடவில்லை. ஆனால் நோட்டில் என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? ‘ஒரு மாலை போதாது. அடுத்த பூவில் மறுபடி.’ ஒருமுறை சுட்டுக்கொண்டவர், கிடைத்த வெற்றியையும் நம்பாமல் ஓராண்டு வைத்திருந்தார்.

தனியாளாக அவர் எப்படி அளந்தார் என்று எனக்கு விளங்கவில்லை. கண் கருவியில் இருக்கும், கை திருகில் இருக்கும், எழுதுவது யார்? கிருபைராஜும் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவாரே! போன வாரம் கிருபைராஜ் ஒரு பையைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் ஒலிநாடாக்கள் இருந்தன. மீரான் ஒரு டேப் ரெக்கார்டரை ஓடவிட்டு, இருட்டில் எண்களை வாயால் சொல்லி வைத்திருக்கிறார். வீட்டுக்குப் போய்க் கேட்டு நோட்டில் எழுதுவாராம்.

நான் அந்த நாடாவைக் கேட்டேன். மோட்டார் ஓடுகிறது. அவர் குரல் ஓர் எண் சொல்கிறது. பிறகு “ஆச்சா?” என்கிறது.

அங்கே யார் இருக்கிறார்கள், ஆச்சு என்று சொல்ல? கொஞ்ச நேரம் மோட்டார் மட்டும் ஓடுகிறது. பிறகு அடுத்த எண். மறுபடி “ஆச்சா?” நாடா முழுக்க இப்படித்தான். பழக்கம் போகவில்லை மனுஷனுக்கு. எனக்கு அழுகை வந்தது. கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

முந்தாநாள் மேலப்பாளையத்துக்குப் போனேன். அவருடைய துணைவியார் ஹமீது பீவி அம்மையார் இத்தாவில் இருக்கிறார்கள். கணவர் இறந்தபின் நான்கு மாதமும் பத்து நாளும் அவர்கள் அந்நிய ஆண் முன்னால் வர மாட்டார்கள், அதனால்தான் இந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. நான் முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் திரைக்கு அந்தப்பக்கம். இப்போது உங்களிடம் சொன்ன அத்தனையையும் அந்தத் திரையைப் பார்த்துச் சொன்னேன்.

“அவுகளுக்குத் தெரியும் அண்ணாச்சி” என்றார்கள்.

“எப்பத்திலேருந்தும்மா?”

“நோட்டைத் தூக்கிக்கிட்டு உங்ககிட்ட வந்தாகள்ல, அன்னைக்கே. வீட்டுக்கு வந்து சாப்பிடலை. ‘குரு மொகத்தைப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு’ன்னாக.”

“அப்ப ஏம்மா என்னைக் கேக்கல? ஏம் பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டாரு?”

“நானும் அதைத்தான் கேட்டேன். ‘பொய்யின்னு நாஞ் சொன்னா அவரு வேலை போகும். அவரே சொன்னா நாங்க மறுபடி சேந்து அளப்போம். அவரே வரட்டும்’னாக. நாலு வருசமா தெனமும் நான் கேப்பேன், ‘குரு அண்ணாச்சி வந்தாகளா’ன்னு. ‘இன்னைக்கு இல்லை’ம்பாக. ‘வரமாட்டாரு’ன்னு ஒருநாளும் சொன்னதில்லை.”

சகோதரர்களே, சகோதரிகளே! இதைக் கேட்டுவிட்டு நான் எந்த வாயால் இந்த மேடையில் இரங்கல் பேசுவது? எளிமையானவர், இனிமையானவர் என்று பட்டியல் போட்டு இறங்கிவிடலாம். அவர் ஒரு சுவருக்கு அப்பால் எனக்காக நான்கு ஆண்டு காத்திருந்தவர். நான் பதினாறு நாள் தாமதமாக வந்திருக்கிறேன். பதினாறு நாளா? இல்லை, எட்டு ஆண்டு.

முதல்வர் அவர்களே, இந்தக் கூட்டத்தில் மூன்று காரியங்களைச் சொல்லிவிடுகிறேன். ஆய்விதழுக்கு இன்னொரு கடிதம் எழுதி இன்று காலை தபாலில் சேர்த்துவிட்டேன். பிழை யாருடையது என்று அதில் இருக்கிறது. துறைத் தலைவர் பொறுப்பிலிருந்து விலகும் கடிதம் உங்கள் மேசையில் இருக்கிறது. விசாரணை வைத்தாலும் சரி, என்ன செய்தாலும் சரி, கட்டுப்படுகிறேன். இந்தத் துணியை இறக்கிவிடச் சொல்லுங்கள். மேதை என்று எழுதியது தவறில்லை, எதற்காக மேதை என்று எழுதியதுதான் தவறு. தன் பெயர் பெரிதாக அச்சான ஒன்றைத் தானே பொய் என்று உலகத்துக்குச் சொன்னவர் அவர். நம்மில் எத்தனை பேருக்கு அது வரும்?

பின்வரிசையில் கைக்குட்டையை மூக்கில் வைத்திருக்கிறீர்கள். கால்மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நூலகத்தில் எலி சாகவில்லை. கோடை விடுமுறையிலும் கிருபைராஜ் தினம் வந்து தண்ணீர் ஊற்றிய தொட்டியில், மீரான் ஓராண்டு காத்திருந்த பூ விரிந்துவிட்டது. நாளைக்கு என்று நினைத்தோம், இன்றைக்கே விரிந்துவிட்டது. இப்போது மணி ஐந்து முப்பத்தைந்து. இந்த மாலையை விட்டால் இன்னும் ஓர் ஆண்டு. அதனால் நான் பேச்சை முடிக்கவில்லை, நிறுத்துகிறேன்.

நீங்கள் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நிற்பீர்கள். என்னால் நிற்க முடியாது, மன்னியுங்கள். சீவல் எடுத்துச் சாயமேற்றவே அரைமணி ஆகும். தட்டையும் விளக்கையும் கிருபைராஜ் பார்த்துக்கொள்வார். கருவியை நான் பார்ப்பேன், மீரான் நோட்டில் ஒவ்வொரு படியும் எழுதி வைத்திருக்கிறார். பூவையும் வெறும் கண்ணாடியையும் மாற்றி மாற்றி வைத்து இன்றே அளப்போம். எழுதுவதற்கு மட்டும் ஓர் ஆள் வேண்டும். இயற்பியல் தெரிய வேண்டியதில்லை. யார் வந்தாலும் சரி. நான் எண்ணைச் சொல்வேன், எழுதிக்கொள்ளுங்கள்.

நேரத்தை மட்டும் என்னைக் கேட்டு எழுதாதீர்கள். கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்கள்.